அடிப்பதற்கு முன்னால் என் மகனே போய் ஜன்னலைச் சாத்தினான்

#1 கரிசல்மண்

இரண்டு வாரமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தளத்தில் பத்து வருடமாக மழை, பைக், அரசியல் என்று எல்லாம் பேசியாயிற்று. இதை மட்டும் பேசியதில்லை.

வயது 39. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், இப்போது கோவையில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மேன். மகனுக்கு ஒன்பது வயது. போன மாதம் கணக்குப் பரீட்சைத் தாளில் என் கையெழுத்தை அவனே போட்டு மிஸ்ஸிடம் நீட்டியிருக்கிறான். மிஸ் போன் செய்தார். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றினேன். அதுவரை புதிதாக ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்கிறதுதான், மறைத்து என்ன ஆகப்போகிறது.

அன்றைக்குப் புதிதாக நடந்தது இது. அடி விழுவதற்கு முன் அவன் எழுந்து போய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினான். கொக்கியைப் போட்டான். திரும்பி வந்து என் முன்னால் நின்றான். அழவில்லை. ராத்திரி படுக்கப்போகும்போது கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வருவோமே, அந்த மாதிரி.

வழக்கமாக ஜன்னலைச் சாத்துவது என் மனைவி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று. அன்று அவள் ஊருக்குப் போயிருந்தாள்.

என் அப்பா என்னை அடிக்கும்போது அம்மா ரேடியோ சத்தத்தைக் கூட்டுவாள். திருநெல்வேலி வானொலி. இப்போதும் எங்காவது டீக்கடையில் மாநிலச் செய்திக்கு முன்னால் வரும் இசையைக் கேட்டால் கெண்டைக்கால் இறுகும். காலை நாலரைக்கு எழுந்திருக்காவிட்டால் ஒரு குடம் தண்ணீரை அப்படியே கொட்டுவார், ஞாயிற்றுக்கிழமைகூட. கயிறு, வேப்பங்குச்சி, ஒருமுறை சைக்கிள் செயின். என் பிள்ளையை நான் தொடவே மாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்னால் குலசாமி கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவன் நான்.

ஜன்னலைச் சாத்திய பிறகு அடித்தாயா என்று கேட்பீர்கள். அடித்தேன், இரண்டு. அவன் முகத்தில் ஒரு இளக்காரம் தெரிந்தது, கை தானாகப் போய்விட்டது.

இது ரத்தமா, பழக்கமா? இதை நிறுத்தியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? திட்ட வேண்டும் என்றால் திட்டிக்கொள்ளுங்கள், அறிவுரை மட்டும் வேண்டாம். தெரிந்ததைச் சொல்லுங்கள்.

#2 சிங்கை_சிவா

நண்பரே, ரொம்ப யோசிக்கிறீர்கள். பொய்க் கையெழுத்துப் போட்ட பையனுக்கு இரண்டு அடி. இதற்கு ஒரு இழையா? நாம் எல்லோரும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். என் அப்பா பிவிசி பைப்பால் வெளுப்பார். இன்று நான் சிங்கப்பூரில் ப்ராஜெக்ட் மேனேஜர். அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

#3 இட்லிப்பொடி

#2: படிந்தது மாடு.

#4 மருந்துச்சீட்டு

அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் செவிலியராக 14 வருடம். முதலில் சிவாவுக்கு: எல்லோரும் அடி வாங்கினோம் என்று சொல்வது ஏறக்குறைய உண்மைதான். 2007-ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்றில் இரண்டு பேர் உடம்பில் அடி வாங்கியவர்கள். ஆனால் எல்லோருக்கும் நடந்தது என்பதாலேயே அது ஒன்றும் செய்யாது என்று ஆகிவிடாது. ஒரு காலத்தில் எல்லோருக்கும் அம்மை வந்தது, தழும்பும் இருந்தது.

கரிசல் அண்ணா, உங்கள் பதிவில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஜன்னல் இல்லை, அந்த இளக்காரம். பெல்ட்டோடு நிற்கும் அப்பா முன்னால் ஒன்பது வயதுப் பையன் இளக்காரமாகப் பார்ப்பானா? பார்க்கலாம். பயத்தில் முகம் இறுகினாலும் அப்படித்தான் தெரியும்.

செத் பொல்லாக் என்று அமெரிக்காவில் விஸ்கான்சினில் ஓர் ஆய்வாளர். குழந்தைகளுக்கு ஒரு முகத்தின் படத்தைக் காட்டுவார். முதலில் ஒரே மங்கல், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். எந்தக் கட்டத்தில் உணர்ச்சியைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் சோதனை. சந்தோஷ முகத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். கோப முகத்தில் மட்டும் வீட்டில் அடி வாங்கும் குழந்தைகள் மற்றவர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள், படம் பாதி மங்கலாக இருக்கும்போதே. அது கோளாறு இல்லை, திறமை. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே இன்றைக்கு என்ன மூட் என்று உங்களுக்கும் தெரிந்திருக்குமே.

அந்தத் திறமை வளர்ந்த பிறகும் போவதில்லை. 1990-ல் டாட்ஜ், பேட்ஸ், பெட்டிட் மூவரும் எழுதிய ஆய்வு இதைத்தான் சொன்னது. அடி வாங்கிய குழந்தைகள், ஒருத்தன் தெரியாமல் இடித்தால்கூட வேண்டுமென்றே இடித்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பதிலுக்குக் கை ஓங்குகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது தற்காப்பு. ஒன்பது வயதில் உங்களைக் காப்பாற்றிய கண் 39 வயதில் உங்கள் மகன் முகத்தைத் தப்பாகப் படிக்கிறது. "கை தானாகப் போனது" என்று எழுதியிருக்கிறீர்கள். தானாகப் போகவில்லை. அதற்கு அரை நொடி முன்னால் கண் ஒரு தகவல் கொடுத்திருக்கிறது, அது தப்பான தகவல்.

#5 தூத்துக்குடி_மக்ரூன்

இதெல்லாம் ஜீன்தானே? ஏதோ 'போர்வீரன் ஜீன்' என்று யூடியூபில் பார்த்தேன்.

#6 சராசரி_மனிதன்

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். ஜீன் கதையை முதலில் முடித்துவிடுவோம். நியூசிலாந்தின் டுனெடின் நகரத்தில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரைக் குழந்தையிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கிருந்து 2002-ல் வந்த ஆய்வுதான் உங்கள் யூடியூப் ஆசாமிக்கு மூலம். அந்த மரபணு வகை தனியாக ஒன்றும் செய்யவில்லை, சின்ன வயதில் வதைபட்டவர்களிடம்தான் சமூக விரோத நடத்தையோடு சேர்ந்து தெரிந்தது என்பதே அதன் சாரம். பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. ஜீனை வைத்து ஜாதகம் கணிக்க முடியாது.

இந்த விஷயத்தில் எல்லோரும் சறுக்குகிற இடம் வேறு. சிறைக்குப் போய் "சின்ன வயதில் அடி வாங்கினீர்களா" என்று கேட்டால் நிறையப் பேர் ஆமாம் என்பார்கள். அதை வைத்து, அடி வாங்கியவன் எல்லாம் சிறைக்குப் போவான் என்று சொல்லிவிடுகிறோம். எலும்பு முறிவு வார்டில் படுத்திருப்பவர்களைக் கேட்டுவிட்டு, மழையில் நடந்தவன் எல்லாம் கால் ஒடிவான் என்று சொல்கிற மாதிரி. கேள்வியைக் குழந்தையிலிருந்து தொடங்கி முன்னோக்கிக் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டவர் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் என்ற ஆய்வாளர். அமெரிக்காவின் மத்தியமேற்குப் பகுதியில் 1967 முதல் 1971 வரை நீதிமன்றத்தில் பதிவான வதை, புறக்கணிப்பு வழக்குகளில் இருந்த 908 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். வயது, பால், இனம், குடும்ப நிலை எல்லாம் ஒத்துப்போகிற, வழக்கு எதுவும் இல்லாத 667 பேரைப் பக்கத்தில் வைத்தார். பிறகு காவல்துறைப் பதிவேடுகளைப் புரட்டினார். 1989-ல் முடிவு வந்தது. சிறார் வயதிலேயே கைதானவர்கள்: வதைபட்ட கூட்டத்தில் 26%, மற்றவர்களில் 17%. வன்முறைக் குற்றத்துக்குக் கைதானவர்கள்: 11%, 8%.

இந்த எண்களைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே தூக்கிவர முடியாது. ஆனால் வடிவத்தைப் பாருங்கள். நூற்றுக்கு 89 பேர் வன்முறைக்காகக் கைதாகவே இல்லை. 8-க்கும் 11-க்கும் நடுவில் இருக்கிற அந்த மூன்று பேரும் நிஜ மனிதர்கள்தான், அவர்களிடம் அடி வாங்கியவர்களும் நிஜம்தான். என் மாணவர்களில் பாதிப் பேர் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள், மீதிப் பேர் இரண்டாவதை மட்டும்.

#7 கொல்லிமலை_மிளகு

நெட்டில் பத்துக் கேள்வி இருக்கிறதே, சின்ன வயதில் இது நடந்ததா, அது நடந்ததா என்று. போட்டுப் பார்த்தேன். எனக்கு 6. நான் எப்போது கெட்டவன் ஆவேன் சார், தேதி சொன்னால் லீவு போட வசதி.

#8 மருந்துச்சீட்டு

#7: சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பத்துக் கேள்விக்கு ஒரு கதை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

1980-களில் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனைக் குறைக்கிற கிளினிக் நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டு வந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். ஏன் என்று புரியவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு பெண்மணியிடம் வாய் குழறிக் கேள்வியை மாற்றிக் கேட்டுவிட்டார். முதல் உடலுறவின்போது வயது என்ன என்பதற்குப் பதிலாக, எடை என்ன என்று. அந்தம்மா "நாற்பது பவுண்டு" என்றார். பதினெட்டு கிலோ. சின்னக் குழந்தையின் எடை. செய்தது அப்பா. அதன் பிறகு கேட்கக் கேட்க, அதே மாதிரிக் கதைகள் வந்துகொண்டே இருந்தன. அவர்களுக்கு உடம்பின் பருமன் நோய் இல்லை, ஒளிந்துகொள்கிற இடம்.

அவரும் ராபர்ட் அண்டா என்ற ஆய்வாளரும் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டார்கள். 1998-ல் முதல் கட்டுரை. நாலு வகையோ அதற்கு மேலோ துன்பம் பட்டவர்களிடம் குடி, போதை, மன அழுத்தம், தற்கொலை முயற்சி எல்லாம் ஒன்றும் படாதவர்களைவிட நாலு முதல் பன்னிரண்டு மடங்கு வரை அதிகம். ஆனால் அந்தப் பத்துக் கேள்வியில் வருகிற எண்ணை வைத்துத் தனி ஒருவருக்குக் குறி சொல்லாதீர்கள் என்று 2020-ல் அண்டாவே எழுத வேண்டியதாயிற்று. அதனால் லீவு போட வேண்டாம்.

#9 நிழல்_தேவை

இந்த இழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் அடிக்கிறவரின் சின்ன வயதைப் பற்றியே பேசுகிறீர்கள்.

என் முன்னாள் கணவரை அவருடைய அப்பா சிகரெட்டால் சுடுவாராம். இடது தோள்பட்டையில் நாலு வட்டம் இருக்கும். கல்யாணமான புதிதில் அதைத் தடவிப் பார்த்து அழுதிருக்கிறேன். முதல்முறை என்னை அறைந்த அன்று ராத்திரி அந்தக் கதையை முழுதாகச் சொல்லி என் மடியில் படுத்து அழுதார். என் கன்னத்துக்கு ஃப்ரீசரிலிருந்து ஐஸ் எடுத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் தலையைக் கோதிவிட்டேன். பதினொரு வருடம். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அந்தச் சின்னப் பையன் வருவான். அவனை எப்படி விட்டுவிட்டுப் போவது என்றுதான் நான் போகவில்லை.

இவரோ ஆபீஸில் மேனேஜரை ஒருநாளும் அறைந்ததில்லை. டிராபிக் போலீஸை அறைந்ததில்லை. எல்லாக் காயமும் வீட்டுக்குள் வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. தானாகப் போகிற கைக்கு யாரிடம் போக வேண்டும் என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

அவர் பட்டது பொய் இல்லை. அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் அதை என் வீட்டில் ரேஷன் கார்டு மாதிரி நீட்டி நீட்டி ஏதோ வாங்கிக்கொண்டே இருந்தார். கரிசல்மண், நீங்கள் நல்லவராகத்தான் தெரிகிறீர்கள். எனக்கு அவரும் அப்படித்தான் தெரிந்தார்.

#10 கரிசல்மண்

#9: சகோதரி, பட்டறையில் உட்கார்ந்து படித்தேன். போய் முகம் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன்.

என் மேலாளரை நானும் அடித்ததில்லை. சரக்கு ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தபோது அவர் என் அம்மாவை இழுத்துத் திட்டினார், "சரிங்க சார்" என்றுதான் சொன்னேன். அதே வாரம்தான் அந்தக் கையெழுத்து விஷயம்.

இன்னொன்றையும் இப்போதுதான் கவனித்தேன். என் பதிவில் என் மனைவியைப் பற்றி இருப்பது, ஜன்னலைச் சாத்துவாள் என்பதும் ஊருக்குப் போயிருந்தாள் என்பதும்தான்.

#11 பழைய_நன்னடத்தை

நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். சிறார் நீதிச் சட்டம் 1986, 2000, 2015 என்று மூன்று முறை வந்தது, மூன்றுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போய் நின்றிருக்கிறேன். 2015-க்குப் பிறகு 16 வயதுக்கு மேற்பட்ட பையன் கொடுங்குற்றம் செய்தால் பெரியவனாக விசாரிக்கலாமா என்று சிறார் நீதிக் குழுமம் பார்க்க வேண்டும். அதற்கு அவன் வீட்டுப் பின்னணி பற்றி அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. தகப்பன் பெயர், தொழில், குடிப்பழக்கம், அடிப்பாரா, இல்லையா.

புள்ளியியல் ஐயா 'வதை, புறக்கணிப்பு' என்று சேர்த்துச் சொன்னார். எல்லோரும் வதையைப் பிடித்துக்கொண்டு புறக்கணிப்பைத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் பார்த்ததில் பயமாக இருந்த பிள்ளைகள் அடிபட்ட பிள்ளைகள் இல்லை. அடிப்பதற்குக்கூட ஆள் இல்லாதவர்கள்.

ஒரு பையன், பதினாலு வயது. கூட வேலை செய்தவனைப் பரோட்டா மாவு வெட்டுகிற கத்தியால் கிழித்துவிட்டு வந்திருந்தான். அம்மா இறந்துவிட்டார், அப்பா வேறு குடும்பம். எட்டு வயதிலிருந்து கடை கடையாகத் தூங்கியவன். கூர்நோக்கு இல்லத்தில் உட்கார வைத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன். காது கேட்காதோ என்று டாக்டருக்கு எழுதலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு சமையற்காரர் "டேய்" என்றார், சட்டென்று திரும்பினான். ஆறு வருடமாக அவனை யாருமே பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சண்டை எதற்காம்? அந்தப் பையன் இவனுடைய போர்வையை எடுத்துவிட்டான். அறிக்கையில் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் 'அற்பக் காரணம்' என்று எழுதினேன். இன்றுவரை உறுத்துகிற வார்த்தை அது.

அவன் திருந்தி நல்லபடியாக இருக்கிறான் என்று முடிக்க ஆசைதான். இல்லை. வெளியே போன மறுவருடமே பெரியவர்கள் சிறையில் அவனைப் பார்த்தேன்.

#12 சராசரி_மனிதன்

#11: ஐயா சொன்னதற்கு அதே ஆய்விலேயே எண் இருக்கிறது, முதலில் விட்டுவிட்டேன். பிற்பாடு வன்முறைக்காகக் கைதானவர்கள்: உடம்பில் அடி மட்டும் பட்டவர்களில் 15.8%, புறக்கணிப்பு மட்டும் பட்டவர்களில் 12.5%, ஒப்பீட்டுக் கூட்டத்தில் 7.9%. யாரும் கை வைக்காத பிள்ளை அடிபட்ட பிள்ளைக்குக் கொஞ்சம்தான் பின்னால்.

விடம் 2015-ல் இன்னொன்றும் வெளியிட்டார். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெற்றோரான பிறகு அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கேட்டார். பிள்ளைகள் புறக்கணிப்பையும் பாலியல் துன்பத்தையும் மற்ற குடும்பத்துப் பிள்ளைகளைவிட அதிகமாகச் சொன்னார்கள். உடம்பில் அடிப்பது மட்டும் தலைமுறை தாண்டி வருகிறது என்பதற்கு எதிர்பார்த்த அளவு ஆதாரம் வரவில்லை. ஆனால் குழந்தைகள் நலத் துறையின் பதிவேட்டில் இந்தக் குடும்பங்களின் பெயர் கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே பெயர் இருக்கிற வீட்டை அரசாங்கம் கூடுதலாக எட்டிப் பார்க்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அப்பா கை மகனுக்கு அப்படியே வந்துவிடும் என்பது நாம் நினைக்கிற அளவுக்கு உறுதியான விஷயம் இல்லை, கரிசல்.

#13 பனங்கூடல்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில், ஸ்கார்பரோவில் 22 வருஷம். எங்கட பக்கத்துக் கதை ஒன்று.

அப்பா ஆசிரியர், அமைதியான மனுசன். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய், அங்கிருந்து வன்னிக்குப் போய், ஷெல்லுக்குள்ள தன்ர தம்பியைப் பறிகொடுத்தார். அதுக்குப் பிறகுதான் குடிக்கத் தொடங்கினவர். அதுக்குப் பிறகுதான் எங்களுக்கு அடி. அவர் சின்ன வயசில அடி வாங்கினவர் இல்லை, பேத்தியார் வீட்டில செல்லமாக வளர்ந்தவர். ஆகவே எல்லாவற்றையும் சின்ன வயசுக்குள்ள கொண்டுபோய் முடியாதீங்கோ. பெரிய ஆளையும் ஊர் உடைக்கும், உடைந்தது பிள்ளையில வந்து விழும்.

2004 சுனாமி முடிந்த கையோட வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு ஒரு ஆய்வு செய்தார்கள், 2008-ல் வெளிவந்தது. போரும் சுனாமியும் பட்ட பிள்ளைகளிடம் வீட்டில் என்ன நடக்கிறது என்றும் கேட்டார்கள். நூற்றுக்கு 95-க்கு மேல் வீட்டுக்குள்ளும் ஏதோ ஒரு வன்முறையைக் கண்டவர்கள். தகப்பன் குடிப்பதும் குடும்பம் போரில் பட்டதும் வீட்டு அடியோட சேர்ந்து போகிறது என்று கண்டார்கள். அதை வாசித்தபோது அப்பாவை மன்னிக்கவில்லை. ஆனால் அவருக்கு எது எப்ப நடந்தது என்று ஒரு பேப்பரில் வருஷம் போட்டு எழுதிப் பார்த்தேன்.

இங்க என்ர மகள் கிண்டர்கார்ட்டனில் "அம்மா கரண்டியால அடிக்கிறவ" என்று சொல்லி, சிறுவர் நலப் பிரிவில் இருந்து ஒரு உத்தியோகத்தர் வந்து கதைத்தவ. கனடாச் சட்டத்தில் 43-ஆம் பிரிவு, பெற்றோர் நியாயமான பலம் பாவிக்கலாம் என்று விடுகிறது. 2004-ல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தாமல் எல்லை மட்டும் போட்டது, ரெண்டு வயசுக்குக் கீழும் பதின்ம வயசிலும் கூடாது, பொருளால் அடிக்கக் கூடாது என்று. கரண்டி பொருள்தானே. மனுசி ரெண்டு நாள் சாப்பிடவில்லை, வெட்கத்தில். எங்களுக்கு அது நல்லதாய்ப் போச்சு. எல்லாருக்கும் அப்படி முடியாது, பிள்ளையைக் கொண்டுபோன வீடுகளும் தெரியும்.

#14 மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 'பெண்கள் மட்டும் யோக்கியமா' வகையறா. வேறு இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.

தேவைப்படுபவர்களுக்கு: குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கு 181. மனநலம் பற்றிப் பேச 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

#15 சிங்கை_சிவா

திரும்பி வரக் கூடாது என்றுதான் இருந்தேன்.

பிவிசி பைப் பற்றி எழுதினேன் அல்லவா. அந்தப் பைப் இரண்டு பேருக்கு. எனக்கும் தம்பிக்கும். ஒரே வீடு, ஒரே அப்பா, எண்ணினால் எனக்குத்தான் இரண்டு அடி அதிகம் விழுந்திருக்கும். நான் இங்கே. தம்பி குடித்துக் குடித்து 34 வயதில் போய்விட்டான். அதற்கு முன்னால் அவன் பெண்டாட்டி அவனிடம் என்ன பட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்கள் குடும்ப விஷயம் என்று இருந்துவிட்டேன். "அடி வாங்கித்தான் நல்லா வந்தேன்" என்று சொல்லும்போதெல்லாம் அவனைக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

ஆனாலும் கண்டிப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

#16 மருந்துச்சீட்டு

#15: தம்பிக்கு வருந்துகிறேன் சிவா. கண்டிப்பும் அடியும் ஒன்றில்லை, அதை இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

ஒன்று கேட்கலாமா? உங்களுக்கு இருந்து தம்பிக்கு இல்லாத ஆள் யாராவது உண்டா? ஏன் கேட்கிறேன் என்றால், ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்பவர் பல பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார். வறுமை, குடிக்கிற அப்பா, சண்டை என்று எல்லாம் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளில்கூட மூன்றில் ஒருவர் நன்றாகவே வளர்ந்திருந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்த ஒன்று, பெற்றோர் இல்லாவிட்டாலும் ஒரு பாட்டியோ சித்தியோ வாத்தியாரோ, இந்தப் பிள்ளை நம் பிள்ளை என்று நினைத்த ஒரு பெரியவர்.

#17 சிங்கை_சிவா

எனக்குப் பெரிய மாமா இருந்தார். லீவு விட்டால் அவர் வீட்டுக்கு என்னைத்தான் கூட்டிப்போவார், தம்பி ரொம்பச் சேட்டை என்று விட்டுவிட்டுப் போவார்கள்.

அவனை விட்டுவிட்டுப் போவார்கள்.

#18 இட்லிப்பொடி

#3-க்கு மன்னிப்புக் கேட்கிறேன் சிவா.

#19 கரிசல்மண்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு இப்போது 67 வயது, கண் சரியில்லை. பனங்கூடல் அண்ணை சொன்ன மாதிரி பேப்பர் எல்லாம் போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "ஏன்ப்பா நாலரைக்கு எழுப்புவீங்க, எனக்குப் பள்ளிக்கூடம் ஒன்பதரைக்குத்தானே" என்று மட்டும் கேட்டேன்.

அவர் எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போனவர். இது எனக்குத் தெரியும், ஆனால் தகவலாகத்தான் தெரியும். ஆபீஸ் பஸ் ஊருக்குள் நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுமாம். ஹாரன் அடித்தால் ஓட வேண்டும். பஸ்ஸை விட்டால் அன்றைய கூலி போச்சு, கூலி போனால் ராத்திரி அவர் அப்பா தூணில் கட்டிவைத்து அடிப்பார். வாங்கிய முன்பணம் கழிய வேண்டுமே. ஒருநாள் தூங்கிவிட்டார். என்ன நடந்தது என்று சொல்லவில்லை, முதுகைத் திருப்பிக் காட்டினார். இத்தனை வருடம் அந்த முதுகைப் பார்த்திருக்கிறேன், ஏதோ மாடு முட்டியது என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள்.

பிறகு சொன்னார்: "நீ விடிஞ்ச பின்னாடியும் தூங்குனா எனக்குப் பகீர்னு இருக்கும்டா. பஸ் போயிருச்சேன்னு இருக்கும்."

எனக்கு எந்த பஸ்ஸும் வரவில்லை. வேன் வந்தது, எட்டே முக்காலுக்கு. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா அன்று பேப்பரை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. மறுநாளும் நாலரைக்குத் தண்ணீர் கொட்டினார்.

#9 சகோதரிக்கு: இதை என் மகனிடமோ மனைவியிடமோ கதையாகச் சொல்லிவிட்டு மடியில் படுக்கவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். மனைவியிடம் பேசினேன். பேசினேன் என்பதைவிட அவள் பேசினாள், இரண்டரை மணி நேரம். ஜன்னலைச் சாத்துவது பற்றிக் கேட்டதற்கு, "பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு இல்ல. அவங்க வந்து கேட்டா நீங்க இன்னும் அடிப்பீங்கன்னு" என்றாள். நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஏழு வாரத்தில் ஒருமுறை கை ஓங்கினேன். கீழே இறக்கிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். பெல்ட் போடுவதை விட்டுவிட்டேன், பேன்ட் இடுப்பில் நிற்காமல் பட்டறையில் ஒரே கேலி. பையன் இன்னும் என்னைப் பார்த்ததும் முதலில் இடுப்பைத்தான் பார்க்கிறான்.

மருந்துச்சீட்டு, தனியாகக் கேட்கலாம் என்று நினைத்தேன், வேறு யாருக்காவது உதவும் என்று இங்கேயே கேட்கிறேன். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு நேராகப் போகலாமா, வேறு டாக்டர் எழுதித் தர வேண்டுமா? பட்டறையில் சனிக்கிழமைதான் லீவு கிடைக்கும். மனைவியும் வருகிறேன் என்கிறாள்.

#20 மருந்துச்சீட்டு

யாரும் எழுதித் தர வேண்டாம், நேராகப் போங்கள். காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்கிவிடுங்கள். எங்கள் பிரிவில் சனிக்கிழமையும் பார்க்கிறோம், அங்கே எப்படி என்று முதல்நாள் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். பேசுவதற்கு ஆலோசகர் தனியாக இருப்பார். முதல் தடவையே டாக்டர் பத்து நிமிடத்தில் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டால் மனம் விட்டுப் போகாதீர்கள், "பேசணும், அடிக்கிறதை நிறுத்தணும்" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். கூட்டத்தில் அவர்களுக்கும் பிடிபடுவதில்லை.

மனைவி வருவது நல்லது. ஆனால் அவரைத் தனியாகவும் பத்து நிமிடம் பேசவிடச் சொல்லிக் கேளுங்கள், நீங்களே கேளுங்கள்.

#21 நிழல்_தேவை

#20-இல் கடைசி வரி.

#22 கரிசல்மண்

சரி. கேட்கிறேன்.